இரு காமிராக்கள்

தச்சர் ஒருவரின் கருவிப் பையினுள் உளியும் இருக்கும்; இழைப்புளியும் இருக்கும். இரண்டும் மரத்தைச் செதுக்குவனவே. ஆயினும், துளையிட வேண்டிய இடத்தில் அவர் இழைப்புளியை எடுப்பதில்லை. பலகையை வழவழப்பாக்க உளியை நாடுவதும் இல்லை. நிழற்படக் காமிராவும் திரைப்படக் காமிராவும் இத்தகையனவே. நெருங்கிய உறவுடையன எனினும், அவை வெவ்வேறு தொழிலுக்கென அமைந்தவை. படக்கலையில் ஈடுபட விரும்புவோர் இவ்விரண்டனுள் எதனைத் தேர்வது என்பதை முதலில் ஆராய்ந்து தெளிதல் வேண்டும். இக்கருவிகள் விலை மிக்கவை. ஆராயாது வாங்குவோர் பொருளை இழப்பதோடு, தாம் எண்ணிய படத்தையும் பெறாது போவர்.

திரைப்படம் நிழற்படத்தின் வழித்தோன்றலே ஆகும். 1878ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர் 12 நிழற்படக் காமிராக்களை வரிசையாக நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையைப் படம் பிடித்தார். அதன் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழுகின்றன என்னும் உண்மையை அப்படங்கள் காட்டின. பின்னர், ஒரே கருவி அடுத்தடுத்துப் பல படங்களை எடுக்கும் முறை தோன்றியது. பேசும் படம் வந்தபின், நொடிக்கு 24 படங்கள் என்னும் அளவு நிலைபெற்றது. படச்சுருளை இடையறாது ஓட்டும் பொறியைக் கொண்ட திரைப்படக் காமிரா, நிழற்படக் காமிராவினின்றும் பிரிந்து தனிக் கருவியாயிற்று.

டிஜிட்டல் முறை வந்ததும் பிரிந்த உறவு மீண்டும் கூடிற்று. படச்சுருள் இருந்த இடத்தை ஒளியுணரும் தகடு ஒன்று பெற்றது. 2008ஆம் ஆண்டில் கானன் நிறுவனம் வெளியிட்ட 'ஈஓஎஸ் 5டி மார்க் 2' என்னும் நிழற்படக் காமிரா, அசையும் படத்தையும் பதிவு செய்தது. 2010ஆம் ஆண்டில், 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி இக்காமிராவால் படமாக்கப்பட்டது. இடிந்த கட்டடத்தின் அடியில் நிகழும் கதை அது. பெரிய கருவி புகவியலாத இடுக்குகளில் இச்சிறு கருவி எளிதிற் புகுந்தது.

அங்ஙனமாயின், திரைப்படக் காமிரா எதற்கு என்னும் வினா எழும். நிழற்படம் ஒரு கணத்தை நிறுத்தி வைப்பது. திரைப்படம் காலத்தை ஓடவிடுவது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் விடை தானே விளங்கும்.

பந்தை எட்டிப் பிடிக்கத் தாவும் வீரனை நிழற்படக்காரர் எடுக்கும்போது, நொடியில் 1,000இல் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விடுவார். வீரன் வானில் சிலைபோல் நிற்பான். அதே அளவில் திரைப்படம் எடுத்தால், அசைவு வெட்டி வெட்டிச் செல்வதுபோல் தோன்றும். திரைப்படத்திற்கு நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் ஒளி விடுவதே வழக்கம். அப்போது ஒவ்வொரு படமும் சிறிது கலங்கியிருக்கும். அக்கலக்கமே அசைவை இழைய வைக்கும். ஒன்றற்குக் குறையாவது மற்றொன்றற்கு நிறையாகின்றது! இனி, அத்துணை நேரம் திறந்திருக்கும் கண்ணினுள் கடும் வெயில் மிகுதியாகப் புகும். அதனைத் தணிக்கும் கருங்கண்ணாடி, திரைப்படக் காமிராக்கள் பலவற்றின் உள்ளேயே அமைந்துள்ளது. நிழற்படக் காமிராவில் அதனை லென்ஸின் முன்னே தனியாகப் பொருத்துதல் வேண்டும்.

அடுத்து, அளவை நோக்குவோம். நொடிக்கு 24 என்றால், ஒரு மணி நேரத்திற்கு 86,400 படங்கள் ஆகின்றன. இவ்வெள்ளத்தை ஏற்று எழுதுதல் எளிதன்று. மேற்கூறிய கானன் காமிரா, படங்களில் மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாது, மாறியவற்றை மட்டும் சுருக்கி எழுதியது. அப்படியும் ஒரே பதிவு ஏறத்தாழ 12 நிமிடங்களில் நின்றுவிடும். மேலும், மிகுதியாகச் சுருக்கிய படத்தின் நிறத்தைப் பின்னர்த் திருத்த முயன்றால், தெளிந்த வானமும் பட்டை பட்டையாகப் பிளவுபடும். திரைப்படக் காமிராவோ நெடுநேரம் இயங்குமாறும், பின்னர் நிறத்தைத் திருத்துதற்கு இடம் இருக்குமாறும் அமைக்கப்படுகின்றது.

புள்ளிகளின் எண்ணிக்கை மிகுந்த காமிராவே சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கானன் காமிராவின் தகட்டில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்தன. 2010ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டு ஆரி நிறுவனம் வெளியிட்ட 'அலெக்சா' என்னும் திரைப்படக் காமிராவில் ஒரு கோடிப் புள்ளிகளும் இல்லை. எனினும், அதன் புள்ளிகள் அளவிற் பெரியவை. கடும் வெளிச்சத்தையும் அடர்ந்த நிழலையும் ஒரே காட்சியில் விவரம் குன்றாது காட்ட வல்லவை. அதனைக் கொண்டு எடுக்கப்பட்ட 'ஹியூகோ' என்னும் படம், 2012ஆம் ஆண்டில் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது.

இதனால் நிழற்படக் காமிரா தாழ்ந்தது என்று கொள்ளல் ஆகாது. 2005ஆம் ஆண்டில் வெளியான 'கார்ப்ஸ் பிரைடு' என்னும் பொம்மைப் படம் முழுவதும் நிழற்படக் காமிராக்களால் எடுக்கப்பட்டது. பொம்மையைச் சிறிது அசைப்பர்; ஒரு படம் எடுப்பர்; மீண்டும் அசைப்பர். அங்கே விரைவு வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்தின் நுட்பமே வேண்டும். ஆதலின் நிழற்படக் காமிரா அத்தொழிலுக்குப் பெரிதும் பொருந்திற்று.

இவ்விரு கருவிகளுக்கும் இடையேயுள்ள தொலைவு ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. 2023ஆம் ஆண்டில் வெளியான 'தி கிரியேட்டர்' என்னும் பெரும்படம், நிழற்படக் காமிராவைப் போன்று கையடக்கமான 'சோனி எப்எக்ஸ் 3' என்னும் காமிராவால் எடுக்கப்பட்டது. ஆகவே, பெரிய கருவியே பெரிய படத்தைத் தரும் என்பதும் இல்லை.

எனவே, காமிராவைத் தேர்வோர் கடைக்குச் செல்லுமுன் தம்மையே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். நான் வேண்டுவது ஒரு கணமா, ஓடும் காட்சியா? எத்துணை நேரம் இடைவிடாது பதிய வேண்டும்? நிறத்தைப் பின்னர்த் திருத்த வேண்டுமா? உரையாடலையும் உடன் பதிய வேண்டுமா? பதிந்தவற்றைச் சேமித்து வைக்கவும் பொருள் உண்டா? செய்தி இதழுக்குப் படம் எடுப்பவர்க்கு நிழற்படக் காமிராவே ஏற்றது. கதைப்படம் எடுப்பவர் திரைப்படக் காமிராவை நாடலாம். சில நாள் வேலைக்கு அதனை விலைக்கு வாங்காது வாடகைக்குப் பெறுதலே சிக்கனம். இரண்டையும் சிறிது சிறிது செய்பவர்க்கு, அசையும் படமும் எடுக்கவல்ல நிழற்படக் காமிரா போதும்.

கருவியின் விலையும் புகழும் நம் கண்ணைக் கவரலாம். ஆனால், தொழிலை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற கருவியைப் பின்னர்த் தேடுவதே அறிவுடைமை. காமிராவுக்கு மட்டுமன்றி, நாம் கையிலெடுக்கும் எக்கருவிக்கும் இது பொருந்தும்.