செவியால் தேடும் சிற்றலை

வானொலி செவிக்கென்றே பிறந்த சாதனம். ஆகவே விழிப்புலனற்றவரும் பார்வையுடையவரும் அதன் முன் சரிசமமாக அமரலாம் என்று எண்ணத் தோன்றும். நிகழ்ச்சியைக் கேட்கும் அளவில் இஃது உண்மையே. ஆனால் நிலையத்தைத் தேடிப் பிடிக்கும் வேலையிலோ நெடுங்காலமாகக் கண்ணே ஆட்சி செலுத்தி வந்துள்ளது.

சிற்றலை நேயர்கள் இதனை நன்கு அறிவர். 3 முதல் 30 மெகாஹேட்ஸ் வரையிலான சிற்றலைகள், வானின் உயரத்தேயுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்து வருகின்றன. பகலில் உயர்ந்த அலைவரிசைகளும் இரவில் தாழ்ந்த அலைவரிசைகளும் தொலைதூரத்துக்கு நன்கு எட்டும். இதனால் பல நிலையங்கள் வேளைக்கு வேளை இடம் மாறுகின்றன. தொலைநாட்டு நிலையங்களைத் தேடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர், தாம் எந்த எண்ணில் நிற்கிறார் என்பதைக் கணந்தோறும் அறிந்திருத்தல் வேண்டும். அந்த எண்ணைக் காட்டுவது எது? முன்பு கண்ணாடிக்குப் பின்னால் நகரும் முள். பின்பு ஒளிரும் இலக்கங்கள். இரண்டும் பேசுவதில்லை.

முள் இருந்த காலத்தில் விழிப்புலனற்ற நேயர் தமக்கென ஒரு வழி வகுத்துக் கொள்ள முடிந்தது. திருகியின் சுற்றுக்களை விரலால் எண்ணலாம். உரத்துக் கேட்கும் நிலையங்களை மைல்கற்களாகக் கொள்ளலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து 5, 10, 15 மெகாஹேட்ஸ் போன்ற சரியான எண்களில் நிமிடந்தோறும் நேரத்தைச் சொல்லும் நிலையம், அது எட்டும் இடங்களிலெல்லாம் அத்தகையதொரு மைல்கல்லாகும். இலக்கத் திரை வந்தபோது பார்வையுடையோருக்கு வேலை எளிதாயிற்று. மற்றவருக்கோ ஓரெல்லையில் நின்றுவிடாமல் சுழன்றுகொண்டேயிருக்கும் திருகியும், பல வேலைகளைச் செய்யும் பொத்தான்களுமே எஞ்சின. 1947இல் வெளிவரத் தொடங்கிய உலக வானொலிக் கைந்நூல் போன்ற நிலையப் பட்டியல்களும் அச்சு நூல்களாகவே இருந்தமையால், படித்துச் சொல்ல ஒருவர் அருகில் தேவைப்பட்டார்.

இந்நிலையை மாற்றியது கணினி. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் என்னும் செய்நிரல் இதற்கு அடிப்படை. அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்பவருடன் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. அத்தகைய ஒன்று. இருவரும் விழிப்புலனற்றவர்கள். விலையின்றிக் கிடைக்கும் இச்செய்நிரல் தமிழையும் வாசிக்கும். கணினியுடன் இணைத்த வானொலிப் பெட்டிக்கு வேண்டிய எண்ணை விசைப்பலகையில் தட்டினால், அது சரியாக அங்கே போய் நிற்கும். நின்ற இடத்தைக் குரல் சொல்லும். எழுத்துக் கோப்பாகக் கிடைக்கும் நிலையப் பட்டியலில், இந்த நேரத்தில் இந்த மொழி எங்கே ஒலிக்கிறது என்பதையும் பிறர் துணையின்றித் தேடிக்கொள்ளலாம்.

எனினும் கணினியே புதியதொரு தடையையும் கொண்டு வந்தது. மென்பொருளால் இயங்கும் இன்றைய வானொலிகள், அலைவரிசைகளை வண்ணக் கோடுகளாக வழியும் நீர்வீழ்ச்சிப் படமாகத் திரையில் காட்டுகின்றன. பார்வையுடையவர் படத்தில் ஒரு கோட்டைத் தொட்டதும் நிலையம் கேட்கும். திரைவாசிப்பானோ எழுத்தை வாசிக்குமேயன்றிப் படத்தை வாசிக்காது. பெயரிடப்படாத பொத்தானை அது 'பொத்தான்' என்று மட்டுமே சொல்லும்.

இதற்கு நல்லதொரு விடை நெதர்லாந்தில் கிடைத்தது. என்ஷகேடே நகரின் துவெந்தே பல்கலைக்கழகத்தில் 2008இல் உருவான வெப்-எஸ்.டி.ஆர். என்னும் வானொலியை, இணையத்தின் வழியே பலர் ஒரே வேளையில், அவரவர் விரும்பிய எண்ணில் வைத்துக் கேட்கலாம். அதே மென்பொருளில் 'பார்வையற்றோர்' என்றொரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தால் நீர்வீழ்ச்சிப் படம் மறையும். எண்ணை எழுதும் இடமும் பொத்தான்களும் எஞ்சும். தம் வீட்டு மின்சாதனங்களின் இரைச்சலால் சிற்றலை கேட்க இயலாதவருக்கும் இஃது ஓர் உதவி. ஆனால் கேட்பது தம் கூரைமேல் கட்டிய கம்பி பிடித்த ஒலியன்று, வேறொரு நாட்டின் வானம் தந்த ஒலி என்பதை மறத்தலாகாது.

மற்றுமொரு சிக்கல் செவியிலேயே உண்டு. மெலிந்த நிலையமொன்று தன் பெயரைச் சொல்லும் அதே கணத்தில் கணினியும் பேசத் தொடங்கினால், தேடிய பயன் போய்விடும். ஆகவே அனுபவமுள்ளோர் ஒரு காதுக்கு வானொலியையும் மறு காதுக்குக் கணினியையும் விடுவர். அல்லது புள்ளிகள் எழுந்து தாழும் பிரெயில் பலகையில் எண்ணை விரலால் படிப்பர். அப்போது செவி முழுவதும் வானொலிக்கே உரியதாகிறது.

அவுஸ்திரேலிய வானொலி 2017 சனவரியில் தன் சிற்றலைச் சேவையை நிறுத்தியது. அவ்வாறு நிறுத்திய பிற நிலையங்களும் பல. எஞ்சியவற்றைத் தேடிக் கேட்போருள் விழிப்புலனற்றோரும் இடம்பெறுவது, மென்பொருள் ஆக்குவோரின் சிறு கவனத்தைப் பொறுத்தது. பொத்தானுக்கு ஒரு பெயர், கட்டளைக்கு ஒரு விசை, படத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்: அவர்கள் வேண்டுவது இவ்வளவே. இவை கிடைத்தால், எஞ்சிய வேலையைச் செவி பார்த்துக்கொள்ளும்.