மேசைமீது மட்டக்களப்புக் கோட்டை

பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, வாயாலேயே பீரங்கி முழக்கி விளையாடாத சிறுவர் உண்டோ? அவ்விளையாட்டையே வளர்ந்தவர்கள் விதிகள் வகுத்து, அடிமட்டமும் தாயக்கட்டையும் கொண்டு, சரித்திர நூல்களைப் புரட்டிப் பார்த்து ஆடுவார்களாயின் அது மேசைப்போர் விளையாட்டு ஆகிவிடுகிறது. மேனாடுகளில் தலை நரைத்த பெரியவர்களும் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள். ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள வீரனொருவனின் சட்டைப் பொத்தானுக்கு வர்ணம் தீட்டுவதிலேயே ஓர் இரவைக் கழிப்பவர்களும் அவர்களில் உண்டு!

நால்வகைப் படைகளையும் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் இந்திய மண்ணிற் பிறந்தது. ஆனால் சதுரங்கப் பலகையில் மேடு பள்ளம் இல்லை. கடக்க ஓர் ஆறும் இல்லை. இக்குறையைப் போக்க எண்ணிய பிரஷ்ய நாட்டு றைஸ்விட்ஸ் என்பவர், நிலத்தின் தோற்றத்தையே துண்டு துண்டாகச் செய்து பொருத்திய மேசையொன்றை 1812இல் தம் மன்னருக்குக் காட்டினார். இராணுவ அதிகாரியாயிருந்த அவர் மகன் 1824இல் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். பிரஷ்யப் படையினர் அதனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டனர். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸோ 1913இல் ‘சிறிய போர்கள்’ என்னும் பொருள்படும் நூலொன்றை எழுதி, இதை வீட்டுக்கூடத்து விளையாட்டாக்கினார். ஈய வீரர்களை நோக்கி மரக்குச்சி எய்யும் விளையாட்டுப் பீரங்கியே அவருடைய ஆயுதம்.

இவ்விளையாட்டுக்கு வாட்டர்லூவையும் கெட்டிஸ்பேர்க்கையும் தேடிப்போக வேண்டுமா? மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோருக்குப் புளியந்தீவே போதும். 1628இல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். அவர்களை இந்நாட்டினின்றும் அகற்ற விரும்பிய கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன், பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்கு ஓலை அனுப்பினான். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பல்களுடன் வந்து சேர்ந்தார். அரசனின் படையும் வந்தது. மே 18ஆந் தேதி கோட்டை வீழ்ந்தது.

இதனை ஆறடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள மேசையில் அமைப்பதற்குச் செலவு அதிகமில்லை. நவராத்திரிக் கொலுவில் கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கடுகு முளைக்கவிட்டுப் புல்வெளி காட்டும் கைவண்ணத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய வித்தையுமன்று. பலகைக்கு நீலமும் கரும்பச்சையும் கலந்து பூசி, மேலே இரண்டு மூன்று முறை வார்னிஷ் தடவினால் வாவி வந்துவிடும். பெட்டிகளில் அடைத்துவரும் றெஜிபோமைச் சரிவாகச் சீவி, பசை பூசி மணல் தூவினால் தீவு. வெட்டிவேர்த் துணுக்குகள் கண்டல் மரங்களின் வேர்களாகும். ஈர்க்கும் பச்சைக் கடதாசியும் தென்னைகளாகும். தேய்ந்துபோன தும்புக் கால்மிதியில் ஒரு துண்டு வெட்டி வைத்துப் பாருங்கள். விளைந்த வயல் அப்படியே கண்முன் நிற்கும்!

கோட்டைக்கு நான்கு மூலையிலும் கொத்தளங்கள் உண்டு. இரு புறம் வாவி, மற்றை இரு புறம் அகழி. இன்று நாம் காணும் கட்டடத்தில் ஒல்லாந்தரின் பிற்கால வேலையும் கலந்திருப்பதால், மேசைக் கோட்டையைச் சற்று எளிமையாக அமைப்பதே 1638க்குப் பொருந்தும்.

ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நிகழ்ந்த காலமும் அதுவேயாதலின், அப்போருக்கென விற்கப்படும் துப்பாக்கி வீரரும் ஈட்டி வீரரும் ஒல்லாந்தராக நிற்கத் தகுதியானவர்கள். கண்டி வீரர்களைக் கடதாசிக் கூழாலோ களிமண்ணாலோ நாமே செய்துகொள்ளலாம். பழைய ஈயப் பொம்மைகளைக் குழந்தைகள் வாயில் வைக்க விடலாகாது, ஈயம் நஞ்சு. பொம்மையொன்று இருபது பேரைக் குறிக்குமென வைத்துக்கொண்டால், எண்ணூறு ஒல்லாந்தருக்கு நாற்பது பொம்மைகள் போதும். நிலத்தின் அளவை மட்டும் பொம்மையின் உயரத்தோடு ஒப்பிடுதல் கூடாது. ஒப்பிட்டால், நூறு யார் தூரம் சுடும் துப்பாக்கிக்கே நம் மேசை நீளத்தின் பெரும்பகுதி போய்விடும்.

இனி ஆட்டம். ஒரு முறைக்கு ஒரு தோணியில் ஒரு பீரங்கி மட்டுமே ஏற்றலாம் என்று விதி செய்யுங்கள். உடனே வாவிதான் சேனாதிபதி என்பது புலப்படும். எந்தக் கரையில் பீரங்கியை இறக்குவது? கொத்தளத்திலிருந்து வரும் குண்டுக்குத் தப்பித் தோணி எவ்வழி போவது? வரைபடத்தை நூறு முறை பார்த்தாலும் விளங்காதது, அட்டைத் தோணியைக் கையால் நகர்த்தும்போது விளங்கிவிடுகிறது. போர்த்துக்கேயர் பக்கம் ஆடுபவர் வெல்வது அரிது. உதவிக்கு வருவார் இல்லை. ஆகவே பத்து முறை தாக்குப்பிடித்தால் அவருக்கே வெற்றி என்று விதித்தல் நியாயம். இல்லையேல் அந்தப் பக்கம் உட்கார ஒருவரும் கிடைக்கமாட்டார்கள்.

“போரை வைத்து விளையாட்டா?” என்று நம் தாய்மார் கேட்கலாம். 2009 வரை மெய்யான போரைக் கண்ட மண்ணிலே அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வெல்ஸின் எண்ணமோ வேறு. சிறிய போரை ஆடிப் பார்த்தவனுக்கே பெரிய போரின் மூடத்தனம் தெரியும் என்று அவர் வாதித்தார். அடுத்த ஆண்டே மகாயுத்தம் மூண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. இருப்பினும், கீழே சரிந்த பொம்மையை எடுத்து வைக்கும்போது “இருபது பேர்” என்று வாய்விட்டு எண்ணும் வழக்கத்தை நாம் விரும்புகிறோம். நம்மிடையே வாழ்வோர் உற்றாரை இழந்த சண்டைகளை மேசைக்குக் கொண்டுவருதல் தகாது என்பதும் நம் கருத்து. முந்நூற்றெண்பது ஆண்டுக்கு முந்தியது வேறு.

கோட்டை வீழ்ந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். 1638 மே 23ஆந் தேதி அரசனும் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் வைப்பது பற்றிய மூன்றாம் பிரிவிலே, ‘அரசன் விரும்பினால்’ என்ற கருத்துடைய சொற்கள் ஒரு பிரதியில் இருந்தன, மற்றதில் இல்லை. அச்சொற்களால் எழுந்த பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது அரசன் நகருக்கு வெளியே நின்றான். கதவு அவனுக்குத் திறக்கப்படவில்லை.

ஆதலால் மேசையோரத்தில் இரண்டு தாள்களும் ஒரு பேனாவும் வையுங்கள். அரசன் பக்கம் ஆடியவரும் ஒல்லாந்தர் பக்கம் ஆடியவரும் மூன்றாம் பிரிவைத் தனித்தனியே எழுதட்டும். போர்த்துக்கேயராகத் தோற்றவரே அவ்விரண்டையும் உரக்க வாசிக்கட்டும்.