கருப்பையைக் காத்தவாறே நோயை வெல்ல முடியுமா?

கருப்பை வாயில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில் ஓர் இளம் பெண்ணின் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் ஒருங்கே எழுகின்றன. உயிர் பிழைப்போமா என்பது ஒன்று. இனி ஒரு பிள்ளைக்குத் தாயாக முடியுமா என்பது மற்றொன்று. முதல் அச்சத்தை வாய்விட்டுச் சொல்லி விடுகிறாள். இரண்டாவதை மனத்துக்குள்ளேயே பூட்டி வைக்கிறாள். கணவரிடம் சொல்லத் தயக்கம். மாமியாரிடம் சொல்லப் பயம். 'உயிரே ஊசலாடும்போது பிள்ளையைப் பற்றிக் கேட்பதா?' என்று மருத்துவரிடம் கேட்க வெட்கம்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குரிய வேளை ஒன்று உண்டு. சிகிச்சை தொடங்கும் முன்னரே கேட்டாக வேண்டும். தொடங்கிய பின் கேட்டால் பல வழிகள் அடைபட்டிருக்கும்.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கே. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதாகவும், ஏறத்தாழ 80,000 பேர் இதனால் மாண்டதாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டுள்ளது.

நோயின் வேர் எது?

எச்.பி.வி. என்னும் வைரஸே இதன் வேர் என்று கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசன். அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவின் வழியே பரவும் இக்கிருமி, பெரும்பாலோரின் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கி விடுகிறது. நீங்காமல் தங்கி விட்டவர்களில் சிலருக்கே, பத்து முதல் இருபது ஆண்டுகளில் அது புற்றாக மாறுகிறது. பட்டாசு ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் வெடிமருந்தின் மீது பழியைப் போட்டுவிட்டுப் பரிசோதனையை மறந்து விடக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இக்கிருமி கணவர் வழியாகவும் வந்திருக்கலாம். எப்போது வந்தது என்று எவராலும் கூற இயலாது. எனவே நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமை. கற்புள்ள பெண்மீது அவதூறு சொல்வது நம் மார்க்கத்தில் பெரும்பாவம் என்பதை நாம் அறியாதவர்களா?

கட்டத்துக்கேற்ற சிகிச்சை

இந்நோய் என்றாலே கருப்பையை எடுத்து விடுவார்கள் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றி இருக்கிறது. அந்தப் பயத்தாலேயே வெள்ளைப்படுதலையும், மாதவிடாய்க்கு இடையே காணும் உதிரத்தையும், உறவுக்குப் பின் காணும் உதிரத்தையும் மறைத்து வைக்கும் சகோதரிகள் உண்டு. உண்மை நிலை வேறு.

புற்றாக மாறுவதற்கு முந்திய நிலையில் கண்டுவிட்டால், பழுதுற்ற திசுவைக் குளிரால் உறையச் செய்து அழிக்கும் கிரையோதெரபி சிகிச்சையே பலருக்குப் போதும். அல்லது அந்தத் திசுவை மட்டும் நீக்கி விடுவார்கள். கருப்பைக்கு ஒன்றும் நேராது. புற்று தோன்றி 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் ஊடுருவாத தொடக்க நிலையில், தகுந்த பெண்களுக்குக் கருப்பை வாயின் ஒரு பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டி எடுப்பதோடு நிறுத்தலாம்.

கட்டி 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டு, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்தால் மற்றொரு வழி உண்டு. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த மருத்துவர் டேனியல் தார்ஜான் 1987இல் தொடங்கிய அறுவை முறை அது. கருப்பையின் வாயையும் அதைச் சுற்றிய திசுக்களையும் நீக்கி, கருப்பையின் உடற்பகுதியை விட்டு வைப்பதே இதன் சாரம். கருப்பையின் கீழ்ப்பகுதியில் உறுதியான தையல் ஒன்று போடப்படும். பிறகு கருத்தரித்துப் பிள்ளை பெற்ற பெண்கள் உலகெங்கும் உள்ளனர். ஆயினும் கரு கலைதலும் குறைமாதப் பேறும் இவர்களுக்குச் சற்று அதிகம். பேறு சிசேரியன் மூலமே நடைபெறும். பெரிய புற்றுநோய் மையங்களில், பயிற்சி பெற்ற நிபுணர்களே செய்யத் தக்க அறுவை இது.

நோய் முற்றியவர்களுக்குக் கதிரியக்கமே முதன்மைச் சிகிச்சை. கதிர்கள் சினைப்பையை வாட்டுவதோடு, கருவைத் தாங்கும் ஆற்றலையும் கருப்பையிலிருந்து பறித்து விடுகின்றன. கதிர் படாத இடத்துக்குச் சினைப்பைகளை மேலே நகர்த்தி வைத்தால், இளம் வயதிலேயே மாதவிடாய் நின்று போவதைப் பலருக்குத் தவிர்க்கலாம். ஆனால் கருப்பை அதனால் காக்கப்படுவதில்லை. உயிரா, கருப்பையா என்ற நிலை வந்தால் உயிரே முந்தியது. இதில் குடும்பத்தார் தடுமாறலாகாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சிகிச்சைக்கு முன் சினைமுட்டையையோ, கணவன் மனைவியின் கருவையோ உறைய வைத்துப் பாதுகாக்கும் வசதியும் இன்று உண்டு. 1986இல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மண வாழ்வு நீடிக்கையில் கணவனின் விந்தும் மனைவியின் சினைமுட்டையும் இணைந்து, அம்மனைவியின் கருப்பையிலேயே வளரும் முறையைத் தேவை கருதி அனுமதித்தது. மூன்றாமவரின் விந்து, முட்டை, கருப்பை ஆகியவற்றுக்கு இடமில்லை என்றும் தீர்ப்பளித்தது. எனவே கதிரியக்கத்தால் கருப்பை கெட்ட பின், நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைத் தாய் முறையை நிபந்தனைகளுடன் அனுமதித்தாலும், நம்மவருக்கு அது எளிதான வழியன்று. சேமிக்கும் முன்பே மருத்துவரையும் நம்பகமான ஆலிமையும் கலந்து பேசுவது நலம்.

பரிசோதனைக்குப் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். கிடைக்காத நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கச் சட்டம் தடுக்கவில்லை. வெட்கம் ஈமானின் பகுதிதான். நோயை மறைத்து உயிரை மாய்த்துக்கொள்வது வெட்கமாகாது.

திண்டுக்கல் கற்பித்த பாடம்

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரும் ஆய்வு நடைபெற்றது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். பழுதுற்ற இடம் வெளுத்துத் தெரியும். உரியவர்களுக்கு உடனே கிரையோதெரபி அளித்தார்கள். 30 முதல் 59 வயது வரையான 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். இச்சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் மரணம், மற்ற ஊர்களை விட 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 30 முதல் 39 வயதினரிடையே மரணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இளம் பெண்களே மிகுந்த பயன் அடைந்தார்கள் என்பது சிந்திக்கத் தக்கது.

விருதுநகர் மாவட்டத்தில்

சிவகாசியில் சரம் பின்னும் பெண்ணுக்கும், சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போயிற்று. ஆகவே 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுகிறார்கள். தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் உள்ளன. ஜும்ஆ அன்று ஓர் அறிவிப்பும், மஹல்லாப் பெண்கள் சேர்ந்து செல்ல ஒரு வண்டியும் ஜமாஅத்தார் ஏற்பாடு செய்தால் எத்தனையோ வீடுகளின் விளக்கு அணையாமல் காக்கப்படும்.

மகள்களுக்குத் தடுப்பூசியும் உண்டு. 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக, நம் மாவட்டத்தின் திருச்சுழித் தொகுதியைச் சேர்ந்த தங்கம் தென்னரசு 2025 மார்ச்சில் மாநில நிதியமைச்சராக அறிவித்தார்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது? நிணநீர்க் கணுக்களில் பரவி இருக்கிறதா?
2. கருப்பையை விட்டு வைத்துச் சிகிச்சை செய்ய இயலுமா? அதனால் உயிருக்கு ஆபத்து கூடுமா?
3. கதிரியக்கம் தேவைப்பட்டால் சினைப்பைகளைக் காக்க முடியுமா?
4. எவ்வளவு காலம் கழித்துக் கருத்தரிக்கலாம்?

இக்கேள்விகளைக் கணவரே உடனிருந்து கேட்பாராயின், அந்தப் பெண்ணின் பாதிச் சுமை இறங்கி விடும்.

எல்லா முயற்சிக்குப் பின்னும் பிள்ளைப் பேறு வாய்க்காமல் போகலாம். அதைக் காரணம் காட்டி அவளை ஒதுக்கும் குடும்பம் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். பிள்ளை பெறாத ஆயிஷா (ரலி) அவர்களைத்தான் உலக முஸ்லிம்கள் அனைவரும் அன்னை என்று அழைக்கிறோம்.