ஒரே கோப்பு, இரண்டு சர்வர்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி என்னும் ஊர் வருகிறது. மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற இந்தப் பகுதியில் இன்று சிப்காட் தொழிற்பேட்டையும் இருக்கிறது. அங்கே ஒரு சிறு தொழிற்கூடம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மோட்டார் வண்டிகளுக்கான பித்தளை புஷ்களைக் கடைந்து கொடுப்பது அதன் வேலை. வரைபட அறையில் ஒரு சர்வர்; சி.என்.சி. லேத்துகள் ஓடும் கூடத்தில் இன்னொரு சர்வர். சர்வர் என்பது வேறொன்றுமில்லை. மற்றக் கணிப்பொறிகள் கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஓயாமல் ஓடும் கணிப்பொறிதான்.

ஒரு நாள் காலையில் வாடிக்கையாளரிடமிருந்து திருத்தம் வருகிறது: துளையின் விட்டம் 22.05 மில்லிமீட்டர் அன்று, 22.00 மில்லிமீட்டர். வரைபட அறையில் உடனே திருத்திவிடுகிறார்கள். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் செல்ல வேண்டியவர் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் கூடத்தில் பழைய கோப்பின்படி 200 புஷ்கள் கடைந்து முடிந்துவிட்டன. சிறிய துளையைப் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சிறிதாக்க முடியுமா? அத்தனையும் பழைய பித்தளை விலைக்குத்தான் போகும்.

யாரும் தவறாகக் கடையவில்லை. ஒரே கோப்புக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பழசாகிவிட்டது. அவ்வளவுதான்.

அப்படியானால் இரண்டாம் பிரதியே வேண்டாம் என்று வைத்துவிட்டால் என்ன? கோப்பு வரைபட அறைச் சர்வரின் வட்டில் மட்டும் இருக்கட்டும். கூடத்துச் சர்வர் அதை வலைத்தொடர்பின் வழியாகப் பார்க்கட்டும். இந்த எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த முறைகளுள் மிகவும் பரவியது என்.எஃப்.எஸ். எனப்படும் ‘நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்’. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதனை 1984-இல் உருவாக்கியது. இரண்டாம் பதிப்பின் விதிமுறைகள் 1989-இல் ஆர்.எஃப்.சி. 1094 என்னும் ஆவணமாக வெளியாயின. வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகளும் அதே விதிகளைப் பின்பற்றியதால்தான் அது இவ்வளவு தூரம் பரவியது.

இதை அமைப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. வட்டு இருக்கும் சர்வரில், “இந்த அடைவை இன்ன முகவரியுள்ள கணிப்பொறி பார்க்கலாம்” என்று அறிவிக்க வேண்டும். மற்றச் சர்வரில் ஒரு வெற்று அடைவை உண்டாக்கி, அந்த இடத்தில் தொலைவிலுள்ள அடைவைப் பொருத்த வேண்டும். இதைத்தான் ‘மவுண்ட்’ செய்வது என்கிறார்கள். அதன் பிறகு, கூடத்தில் ஓடும் நிரலுக்குக் கோப்பு தன் வட்டில் இருக்கிறதா, அடுத்த கட்டடத்தில் இருக்கிறதா என்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஆனால் வட்டு நின்றுபோகாத இடத்திலும் கம்பி அறுந்துபோகும், மின்சாரம் போகும். பாதி வேலையில் சர்வர் விழுந்து மறுபடியும் எழுந்தால் என்ன ஆகும்? இங்கேதான் என்.எஃப்.எஸ். வடிவமைப்பாளர்களின் அருமையான யோசனையைப் பார்க்கிறோம். நீங்கள் தினமும் போகும் தேநீர்க் கடையில் “வழக்கம்போல்” என்றால் போதும், சர்க்கரை குறைவான தேநீர் வந்துவிடும். கடையில் ஆள் மாறிவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. ஆகவே, எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத சர்வரையே அவர்கள் படைத்தார்கள். ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையாக இருக்கும்: “இன்ன கோப்பில், 8192-ஆம் பைட்டிலிருந்து, இந்த எழுத்துகளை எழுது.” விடை வரவில்லையென்றால் அதே வேண்டுகோள் மீண்டும் போகும். முதல் தடவையே எழுதப்பட்டிருந்தாலும் கேடில்லை. அதே இடத்தில் அதே எழுத்துகள்தானே! மாறாக, “கடைசியில் சேர்” என்று கட்டளையிட்டிருந்தால், இரண்டு தடவை சேர்ந்து கோப்பே கெட்டிருக்கும்.

சர்வர் நின்றுவிட்டால் மறுபக்கத்துக் கணிப்பொறி, “சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்” என்னும் பொருளில் ஒரு வரியை எழுதிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கும். சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். பார்ப்பவருக்கு எரிச்சலூட்டும் பொறுமை என்றாலும் பயனுள்ள பொறுமை. (2000-இல் வந்த நான்காம் பதிப்பில் சர்வர், யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், பூட்டியிருக்கிறார் என்பவற்றை நினைவில் கொள்ளத் தொடங்கியது. அது தனிக் கதை.)

அமைக்கும்போது பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான அமைப்பில் என்.எஃப்.எஸ். மனிதர்களைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. வரைபட அறைச் சர்வரில் 1001 என்பது முருகனின் எண். கூடத்துச் சர்வரில் அதே 1001 செல்விக்குத் தரப்பட்டிருந்தால், முருகனின் கோப்புகள் செல்விக்குத் திறந்துகொள்ளும். எனவே, இரு சர்வர்களிலும் ஆள்களின் எண்கள் ஒன்றாக இருப்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். கடிகாரங்களையும் ஒன்றாக ஓடவிட வேண்டும். எது புதிய கோப்பு என்று நேரத்தை வைத்து முடிவு செய்யும் நிரல்கள் பல இருக்கின்றன.

சரி, இரண்டாம் பிரதியை ஒழித்துவிட்டோமா? உண்மையில் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் வலைத்தொடர்பில் ஓடினால் வேகம் போய்விடும். ஆகையால் கூடத்துச் சர்வர் தான் படித்தவற்றைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. கோப்பு மாறியதா என்ற விவரத்தை லினக்ஸில் சாதாரணமாக 3 முதல் 60 விநாடி வரை பழையதையே நம்பிக்கொண்டிருக்கும். வரைபட அறையில் கோப்பை மூடிய பின்பு கூடத்தில் புதிதாகத் திறந்தால் திருத்திய கோப்பு கிடைக்கும். முன்பே திறந்து வைத்திருப்பவருக்கோ அந்த உறுதி கிடையாது. ஒழிந்தது என்று நினைத்த பழைய பிரதி, உருமாறி உள்ளே வந்துவிட்டது!

இந்தச் சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகியவர்களுள் ஒருவர் சென்னையில் படித்தவர். மகாதேவ் சத்யநாராயணன் சென்னை ஐ.ஐ.டி.யில் 1975-இல் இளநிலைப் பட்டமும் 1977-இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, பின்னர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1980-களில் அந்தப் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் கூட்டாக நடத்திய ‘ஆண்ட்ரூ’ திட்டத்தில், ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் ஒரே கோப்புக் களஞ்சியத்தைப் பகிர வேண்டியிருந்தது. அங்கே கோப்பு முழுவதையும் வேண்டியவரின் வட்டுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். முதல் மாதிரியை ஓட்டிப் பார்த்தபோது வேடிக்கையான உண்மை வெளிப்பட்டது: சர்வர்களுக்கு வந்த அழைப்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஆறு, “என்னிடமுள்ள பிரதி இன்னும் சரிதானா?” என்ற கேள்வியே! கோப்பை உண்மையில் எடுக்கவோ வைக்கவோ வந்தவை நூற்றில் பத்துக்கும் குறைவு.

எனவே வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீ கேட்காதே, மாறினால் நானே சொல்லுகிறேன் என்று சர்வர் வாக்குக் கொடுத்தது. நூலகர், “அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தால் சொல்லி அனுப்புகிறேன்” என்று உங்கள் பெயரைக் குறித்துக்கொள்வது போன்றது இது. கேள்விகள் ஒழிந்தன, ஒரு சர்வர் தாங்கக்கூடிய கணிப்பொறிகளின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. இந்தக் கோப்பு முறைக்காக அந்தக் குழுவினருக்கு 2016-ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

வாக்குக் கொடுத்த சர்வருக்கும் நமக்கும் இடையே கம்பி அறுந்தால்? சத்யநாராயணன் 1987-இல் தொடங்கிய ‘கோடா’ திட்டம் இதற்கு விடை தேடியது. தொடர்பு அற்றிருக்கும்போது கையிலுள்ள பிரதியில் வேலை செய்யலாம். மீண்டதும் இரண்டும் ஒப்பிடப்படும். இரு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தியிருந்து, தானாக இணைக்க வழியில்லை என்றால், அது மனிதர் முன் வைக்கப்படும். 22.05-ஆ, 22.00-ஆ என்று எந்த இயந்திரம் சொல்லும்?

நம் தொழிற்கூடத்துக்கு இவ்வளவு வேண்டியதில்லை. இரண்டு சர்வர்களுக்கு என்.எஃப்.எஸ். தாராளம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஒரே வட்டைச் சாதாரணக் கோப்பு முறையுடன் இரண்டு சர்வர்களுக்கும் நேரடியாகத் திறந்துவிட்டால், காலியிடம் எது என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கு வைத்துக்கொண்டு, ஒன்று எழுதியதன் மேலேயே மற்றொன்று எழுதிவிடும். அதற்கெனச் செய்யப்பட்ட கூட்டுக் கோப்பு முறைகள் வேறு.

வட்டைப் பகிர்ந்துகொண்டதால் கோப்பு பத்திரமாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். வரைபட அறையில் தவறி அழித்தால் கூடத்திலும் அது அக்கணமே இல்லை. நாள்தோறும் இரவில் வேறொரு வட்டில் நகல் எடுத்து, அந்த வட்டை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்தும் பார்க்க வேண்டும்.