சைக்கோபதிப் பண்புகளை அறிதலும் சமூக ஊடக வல்லுநர்களைத் தேர்தலும்

சைக்கோபதி என்பது பிறர் துன்பத்துக்கு இரங்காமை, செய்த தீங்குக்கு வருந்தாமை, கூசாமல் பொய் சொல்லுதல், பிறரைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்துதல், பின்விளைவை எண்ணாமல் நடத்தல் ஆகிய பண்புகள் ஒன்றுசேர்ந்து, இளமை முதல் நீண்ட காலம் நிலைத்திருக்கும் ஆளுமை நிலையைக் குறிக்கும் சொல்லாகும். உளவியலிலும் குற்றவியலிலும் ஆய்வுக்குப் பயன்படும் இச்சொல் இன்று யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக வீட்டுப் பேச்சுக்குள்ளும் வந்துவிட்டது. கணவர், மாமியார், மேலதிகாரி, முன்னாள் காதலர் என யாரையும் ‘இந்த ஏழு அறிகுறிகளால்’ கண்டுபிடிக்கலாம் என்று பல காணொளிகள் சொல்கின்றன. அறிகுறிகளைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அறிகுறிப் பட்டியல் வேறு, நோயறிதல் வேறு. இந்த வேறுபாட்டையும், இது குறித்துப் பேசும் வல்லுநரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்குழப்பம்

பேச்சுத் தமிழில் ‘சைக்கோ’ என்ற ஒரே சொல் பல பொருளில் வழங்குகிறது. இதில் முதன்மையான குழப்பம் சைக்கோபதிக்கும் சைக்கோசிசுக்கும் இடையிலானது. சைக்கோசிஸ் என்பது இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புவது போன்ற நிலை. மனச்சிதைவு நோயில் இது காணப்படும். மருந்தினால் பெரும்பாலும் கட்டுப்படும். சைக்கோபதிப் பண்புடையவருக்கு இத்தகைய மயக்கம் இல்லை. தான் செய்வது என்ன, அது சட்டப்படி சரியா தவறா என்பது அவருக்குத் தெரியும். பிறருக்கு நேரும் வலிதான் அவரைத் தடுப்பதில்லை.

1960-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’ திரைப்படம் இந்தக் குழப்பத்துக்கு நல்ல சான்று. அதன் நாயகன் இறந்துபோன தாயாகவே தன்னை எண்ணிச் செயல்படுபவன். அது சைக்கோபதி அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால், மனச்சிதைவு நோயாளிகளைக் கொலைகாரர்களாகப் பார்த்து ஒதுக்கும் வழக்கம் வலுப்படுகிறது. பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சிச் சிகிச்சைக்கே அழைத்துச் செல்லாத குடும்பங்களும் உண்டு.

வரலாறு

அறிவு தெளிவாக இருந்தும் நடத்தை மட்டும் பிறழ்ந்தவர்களைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் பினெல் 1801-இல் எழுதினார். 1941-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி, வெளியே இயல்பாகவும் இனிமையாகவும் தோன்றி உள்ளே உணர்ச்சி வறண்டிருப்பவர்களை விரிவாக விளக்கி நூல் எழுதினார். கனடா நாட்டு உளவியலாளர் ராபர்ட் ஹேர் சிறைக் கைதிகளை ஆராய்ந்து ஓர் அளவுகோலை உருவாக்கினார். அதன் திருத்திய வடிவம் 1991-இல் வெளியானது.

இன்றைய மருத்துவ வகைப்பாடுகளில் சைக்கோபதி தனி நோய்ப்பெயராக இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘சமூக விரோத ஆளுமைக் கோளாறு’ என்பதே உள்ளது. இரண்டும் நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு, ஆளுமைக் கோளாற்றை முதலில் அதன் தீவிரத்தைக் கொண்டே அளக்கிறது.

பண்புகளும் அளவுகோலும்

ஹேர் அளவுகோலில் 20 கூறுகள் உள்ளன. மேலோட்டமான வசீகரம், தன்னைப் பற்றிய மிகை மதிப்பு, பழக்கமாகிவிட்ட பொய், சூழ்ச்சி, குற்றவுணர்வின்மை, இரக்கமின்மை, பிறர் உழைப்பில் வாழ்தல், உந்துதலுக்கு அடிமையாதல், பொறுப்பை ஏற்காமை, சிறுவயது முதலே நடத்தைச் சிக்கல், பலவகைக் குற்றங்கள் ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் உண்டு, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-உம் அதற்கு மேலும் பெற்றவரையே சைக்கோபதி உடையவராகக் கொள்வது வழக்கம்.

இதைக் கையாளும் முறை முக்கியமானது. பயிற்சி பெற்ற வல்லுநர் நேரில் நீண்ட நேர்காணல் நடத்த வேண்டும். அத்துடன் வழக்கு, பள்ளி, பணி, குடும்பம் தொடர்பான ஆவணங்களையும் ஒப்பிட வேண்டும். சொல்லுக்கும் ஆவணத்துக்கும் உள்ள முரண்பாட்டிலிருந்தே பல கூறுகள் தெரியவரும்.

அப்படிச் செய்தும் மதிப்பெண் மாறுவதுண்டு. அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 100-க்கும் மேற்பட்ட நீதிமன்ற உளவியல் வல்லுநர்களிடம் ஒரே கைதிகளின் கோப்புகள் தரப்பட்டன. அரசுத் தரப்புக்காக வேலை செய்வதாக எண்ணியவர்கள் கூடுதல் மதிப்பெண் அளித்தனர். எதிர்த்தரப்புக்காக என்று எண்ணியவர்கள் குறைவாக அளித்தனர். கோப்பைக் கையில் வைத்திருந்த வல்லுநருக்கே இந்தச் சாய்வு இருந்ததென்றால், மனக்காயத்தோடு ஒரு நிமிடக் காணொளியைப் பார்ப்பவர் போடும் மதிப்பெண் எவ்வளவு சாயும் என்பதை ஊகிக்கலாம்.

பட்டியல் ஏன் ஏமாற்றுகிறது?

முதற்காரணம், தனித்தனியே எடுத்தால் இப்பண்புகள் பலரிடம் உள்ளன. திருவண்ணாமலையில் ராஜகோபுரத்தின் முன் வெளியூர்க்காரரிடம் இனிக்க இனிக்கப் பேசும் வியாபாரியிடம் வசீகரம் உண்டு. தேர்வுக்கு அஞ்சிப் பொய் சொல்லும் மாணவனும் உண்டு. கோபத்தில் மன்னிப்புக் கேட்க மறுக்கும் தந்தையும் உண்டு. ஒன்றிரண்டு பண்புகள் எதையும் நிறுவுவதில்லை.

இரண்டாவது காரணம் கணக்கு. 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஹேர் அளவுகோலைப் பயன்படுத்திய ஆய்வுகளில் பொதுமக்களிடையே சைக்கோபதி சுமார் 1.2 விழுக்காடு எனக் கிடைத்தது. எளிமைக்காக 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் 1000 பேரில் அப்படியானால் 10 பேர். ஓர் அறிகுறிப் பட்டியல் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகக் கணிக்கிறது என்றும் கொள்ளலாம். அது அந்த 10 பேரில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் மீதமுள்ள 990 பேரில் பத்தில் ஒரு பங்கான 99 பேரையும் தவறாகச் சுட்டும். ஆக முத்திரை குத்தப்பட்ட 108 பேரில் 9 பேர் மட்டுமே உண்மையானவர்கள். ஏறத்தாழ 12 பேரில் 11 பேர் குற்றமற்றவர்கள். அரிதான ஒன்றைத் தேடும்போது நல்ல கருவிகூட இப்படித்தான் பிழை செய்யும். சமூக ஊடகப் பட்டியல்கள் எவற்றுக்கும் அந்த 90 விழுக்காட்டுத் துல்லியம் நிறுவப்படவில்லை.

அத்திமூர் தரும் பாடம்

பரப்பப்பட்ட அடையாளங்களைக் கொண்டு ஒருவரைத் தீயவர் என்று முடிவுசெய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஒரு துயரமான நிகழ்வு உண்டு. அது சைக்கோபதி பற்றியதன்று, பிள்ளை பிடிப்பவர் பற்றியது. ஆயினும் மனம் தவறிய வழி ஒன்றுதான்.

2018-ஆம் ஆண்டு, வெளிமாநிலத்திலிருந்து குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் காணொளிகளும் குரல் பதிவுகளும் வேகமாகப் பரவின. மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தினர் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தனர். போளூர் அருகே அத்திமூர் பகுதியில் அவர்கள் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். அறிமுகமில்லாதவர், கார், சாக்லேட் என்ற மூன்றும் கைப்பேசியில் வந்த அடையாளங்களோடு பொருந்திவிட்டன. கூட்டம் கூடித் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். பலர் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்ததைத் தொடர்ந்து, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது.

தாக்கியவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகவே நம்பினர். அச்சமும் பட்டியலும் சேர்ந்தால், விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவதில்லை. ‘சைக்கோ’ என்ற முத்திரை உயிரைப் பறிக்காமல் போகலாம். ஆனால் ஒரு திருமணத்தையோ வேலையையோ மாணவனின் எதிர்காலத்தையோ அழிக்க அது போதும்.

இதனாலேயே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகளின்படி மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அதைத் தீர்மானிக்கக் கூடாது என்றும் கூறுகிறது.

பின்தொடரத்தக்க வல்லுநர் யார்?

கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு குறித்து டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 காணொளிகளைக் கனடா ஆய்வாளர்கள் 2022-இல் ஆராய்ந்தனர். அவற்றில் 52 தவறான தகவலைத் தந்தன. ஆகவே பார்வை எண்ணிக்கை நம்பகத்துக்குச் சான்றாகாது. நீலக் குறியும் அப்படியே. பல தளங்களில் அது இப்போது மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. கீழ்க்கண்டவற்றைப் பார்ப்பது பயன்தரும்.

1. தகுதி: மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற்றவர். அவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் போன்ற மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் பெற்றிருப்பார். இரண்டையும் இணையத்தில் சரிபார்க்கலாம். ‘டாக்டர்’ என்பது வேறு துறை முனைவர் பட்டமாகவோ கௌரவப் பட்டமாகவோ இருக்கலாம். ‘லைஃப் கோச்’, ‘மைண்ட் டிரெய்னர்’ போன்றவை மருத்துவத் தகுதிகள் அல்ல.

2. துறை: நல்ல இதய மருத்துவர் ஆளுமைக் கோளாறு பற்றி வல்லுநர் ஆகிவிடமாட்டார். ஒருவர் தம் துறைக்குள் நின்று பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

3. நேரில் காணாதவரை நோயாளி ஆக்குகிறாரா? 1964-இல் அமெரிக்க இதழ் ஒன்று, அதிபர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டரின் மனநிலை குறித்து மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது. 1189 பேர் அவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்றனர். அவர்களில் யாரும் அவரைப் பரிசோதித்து அந்த முடிவைச் சொல்லவில்லை. அவர் வழக்குத் தொடுத்து வென்றார். 1973-இல், பரிசோதிக்காதவரைப் பற்றிக் கருத்துரைப்பது முறையன்று என அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் விதி வகுத்தது. நடிகரையோ அரசியல்வாதியையோ, கடிதம் எழுதியவரின் மாமியாரையோ ‘சைக்கோபத்’ என்று அறிவிப்பவர் இந்த நெறியை மீறுகிறார்.

4. எதை விற்கிறார்? அச்சமூட்டும் காணொளியின் முடிவில் கட்டணப் பயிற்சிக்கான இணைப்பு இருந்தால் எச்சரிக்கை தேவை. 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உடல்நலம் குறித்துப் பேசும் மருத்துவர்கள் தம் தகுதியைச் சொல்ல வேண்டும். தகுதியற்றவர்கள் தம் கருத்து மருத்துவ ஆலோசனைக்கு மாற்றன்று என்று தெளிவாகக் கூற வேண்டும்.

5. பேசும் விதம்: நல்ல வல்லுநர் ‘பொதுவாக’, ‘சிலருக்கு’, ‘நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்று பேசுவார். தவறினால் திருத்தம் வெளியிடுவார். கேள்வி கேட்பவரைத் திட்டித் தடைசெய்யமாட்டார்.

பெயர் வேண்டாம், நடத்தை போதும்

ஒருவர் தொடர்ந்து ஏமாற்றுகிறார், அடிக்கிறார், பணம் பறிக்கிறார், உறவினரிடமிருந்து பிரித்துவைக்கிறார் என்றால், அவருக்கு என்ன நோய் என்று தெரியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதுகாப்புக்கு நோயின் பெயர் வேண்டியதில்லை. நடந்ததை நாள், தொகை, சாட்சி ஆகியவற்றோடு எழுதி வைப்பதும், நம்பகமான ஒருவரிடம் சொல்வதும், பணத்தையும் ஆவணங்களையும் காப்பதும் முதற்படிகள். ஆன்மிக வழிகாட்டிகளைத் தேடிப் பலர் வரும் திருவண்ணாமலை போன்ற ஊரிலும் இதே அளவுகோல் பொருந்தும். ஒருவர் தனியே வரச் சொல்கிறார், வீட்டாரிடம் மறைக்கச் சொல்கிறார், அடிக்கடி பணம் கேட்கிறார் என்றால் விலகிக்கொள்ள அதுவே போதிய காரணம்.

வீட்டு வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 2005-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. மகளிர் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098, இணைய மோசடிக்கு 1930, உடனடி ஆபத்துக்கு 112. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நேரில் செல்ல விரும்புவோருக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் உள்ளன.

சிறுவர்களுக்கு இந்த முத்திரை கூடாது

சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற முடிவை 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மருத்துவர்கள் தருவதில்லை. வளரும் வயதில் ஆளுமை மாறக்கூடியது என்பதே காரணம். ஒரு மாணவன் விலங்குகளைத் துன்புறுத்துவது, திருடுவது, அடித்துவிட்டு வருந்தாமல் இருப்பது போன்றவை தொடர்ந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. அவன் வீட்டில் அடிபடுகிறானா என்பதையும் விசாரிக்க வேண்டும். பெற்றோருக்கு அளிக்கப்படும் முறையான பயிற்சி இத்தகைய நடத்தையைக் குறைக்க உதவுகிறது. வகுப்பில் ‘சைக்கோ’ என்று ஒருமுறை பெயர் விழுந்த பிள்ளையை மற்ற பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே அழைப்பார்கள். அவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவியை முதலில் தடுப்பது அந்தப் பெயர்தான்.