கொல்லையில் ஒளிந்திருந்த முட்டை

உங்க வீட்டுக் கொல்லையில் விளிம்பு உடைஞ்ச குடம், பழைய டயர் கிடக்கிறதா? எங்க வீட்டில் கிடந்தது. "இருக்கட்டும்டி, எதுக்காவது உதவும்" என்பார் அப்பத்தா. போன ஐப்பசியில் தம்பிக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி! "தண்ணியைக் கொட்டிக்கிட்டுத்தானே இருந்தோம்" என்று அம்மா அழுதாங்க.

கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்பக்கச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மழைத்தண்ணீர் பட்டதும் பொரிந்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். கடிப்பது பெரும்பாலும் பகலில்!

அதனால் புழங்குற தொட்டியைத் தேய்த்துக் கழுவணும். புழங்காததை அனுப்பிடணும். டயரைப் போகியில் கொளுத்தாதீங்க, புகை நஞ்சு. நாங்க பழைய சாமான் வாங்குற அண்ணன் வண்டியில் ஏற்றிவிட்டோம். அப்பத்தா தன் கல்யாணச் சீர் பித்தளைக் குடத்தை மட்டும் தரவே இல்லை. அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.