திருவக்கரைக் கல்மரங்கள்

திருமலையில் கோயிலுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல் வளைவு உள்ளது. அப்பாறை சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அது உருவான காலத்தில் நிலத்தின்மீது மரம் என்பதே தோன்றியிருக்கவில்லை. ஆதலின் அப்பாறையில் மரத்தின் சுவடு எதனையும் காண இயலாது. அவ்வளைவைப் போலவே இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையினரால் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்பட்டு வரும் மற்றோர் இடம், தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருவக்கரை. அங்கே மரங்களே கற்களாகிக் கிடக்கின்றன.

புதுச்சேரிக்கு வடமேற்கே, மழைநீர் அரித்த செம்மண் மேடுபள்ளங்களின் நடுவே இக்கல்மரங்கள் காணப்படுகின்றன. சுமார் 247 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 200 மரங்கள் உள்ளன. சில 3 மீட்டர் நீளமும், சில 15 மீட்டர் நீளமும் உடையவை. இவற்றை வக்கிராசுரனின் எலும்புகள் என்று கூறும் கதை அவ்வூரில் வழங்குகிறது. 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவை மரங்களே எனக் குறிப்பிட்டார்.

மரம் கல்லாவது எவ்வாறு?

சாதாரணமாக, விழுந்த மரம் மக்கி மண்ணாகிவிடும். மக்குவதற்குக் காற்று வேண்டும். வெள்ளம் அடித்து வந்த மணல் மரத்தை விரைவில் மூடிவிடுமாயின், காற்றுப் புகாமையால் அது எளிதில் மக்குவதில்லை. அந்நிலையில் சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் மரத்தினுள் ஊறிப் பரவுகிறது. நுண்ணறைகளின் சுவர்களிலும் உட்குழிவுகளிலும் சிலிக்கா சிறிது சிறிதாகப் படிகிறது. நாளடைவில் மரப்பொருள் பெரும்பாலும் மறைந்து, அதன் வடிவம் மட்டும் கல்லில் எஞ்சுகிறது. பட்டை, நடுத்தண்டு, வளையம் முதலியவற்றைச் சில துண்டுகளில் இன்றும் தெளிவாகக் காணலாம்.

இம்மரங்கள் யாவும் கிடந்த நிலையிலேயே உள்ளன. கிளையோ, இலையோ, வேரோ இவற்றுடன் இல்லை. ஆகவே இவை இவ்விடத்தில் வளர்ந்தவையல்ல. வேறிடத்திலிருந்து ஆற்று வெள்ளத்தால் அடித்து வரப்பட்டு, கடலூர் மணற்கல் எனப்படும் படிவில் புதைந்தவை என்று அறிஞர் கொள்கின்றனர். இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

கல் கூறும் செய்தி

கல்மரத்தை மெல்லிய தகடாக அறுத்துத் தேய்த்து நுண்பெருக்கியில் வைத்தால் அதன் இனம் புலப்படும். இங்குள்ள ஒருவகை மரத்தைப் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி 1931-இல் மீண்டும் ஆராய்ந்து, மெசெம்ப்ரியாக்ஸிலான் என்னும் இனத்தில் சேர்த்தார். அது போடோகார்ப்பஸ் குடும்பத்தை ஒத்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம் ஒன்று இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் இயற்கையாக வளர்கிறது. புளி, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்ப மரங்களும் திருவக்கரையில் கண்டறியப்பட்டுள்ளன. இன்று வறண்டு தோன்றும் இப்பகுதிக்கு மரங்களைக் கொண்டு வந்த ஆறு, ஒரு காலத்தில் எத்தகைய காடுகளின் ஊடே பாய்ந்தது என்பதை ஊகிக்க இவை சான்றாகும்.

இச்சான்று, கல் கிடக்கும் இடத்தையும் பொறுத்தது. எப்படிவில், எத்திசை நோக்கி, எவற்றின் அருகே கிடந்தது என்பது தெரிந்தால்தான் ஆற்றின் போக்கையும் காலத்தையும் உய்த்துணர முடியும். ஒருவர் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்ற துண்டு, அவர் வீட்டு அலமாரியில் வெறும் கல்லே. அமெரிக்காவின் அரிஸோனாவில், சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்களை அரைத்து உராய்பொருள் செய்ய ஆலையே கட்டப்பட்டது. 1895-இல் அங்குள்ள சட்டசபை பாதுகாப்புக் கோரிய பின், 1906-இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று.

பார்வையிடுவோர் கவனத்திற்கு

மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், மரத்தின் நீளம், சுற்றளவு, அது கிடக்கும் திசை ஆகியவற்றை அளந்து எழுதச் செய்யலாம். வளையங்களைப் படமாக வரையச் செய்யலாம். சுத்தியல் கொண்டு செல்லுதல் ஆகாது. களப்பணியாளர், கிணறு தோண்டும்போதோ சாலை வெட்டும்போதோ புதிய கல்மரம் தென்படின், அதனைப் பெயர்க்காமல் இடத்தைக் குறித்துத் துறையினருக்கு அறிவித்தல் வேண்டும். ஆராய்ச்சிக்குப் பயன்படுவது கல் மட்டுமன்று. அது கிடந்த இடமும் ஆகும்.